குளத்தைச் சுடவைக்கும் முன் ஒரு கணக்கு

நம் நாட்டில் நீச்சல் குளத்து நீரைச் சுடவைக்க ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சிரிப்பார்கள். மத்தியான வெயிலில் கார் கதவைத் தொட முடியவில்லை, இதில் குளத்துக்கு வேறு சூடா என்பார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு, அதுவும் இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், பிள்ளைகளைக் குளத்தில் இறக்கிப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் உதடு நடுங்க மேலே ஏறி வந்துவிடுவார்கள்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும், செகிஞ்சானில் வயல் பார்க்கவும், புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளோடு படம் எடுக்கவும் வார இறுதியில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்கள் இரவு தங்கத் தேடுவது குளம் உள்ள ஹோம்ஸ்டே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலரும் அப்பா அம்மா வாங்கிப் போட்ட நிலத்தில் வீடு கட்டி, குளம் வெட்டி, வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கையில் இருந்த சேமிப்பு முழுவதும் அதற்குள் போயிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

அப்படி ஒரு இளம் தம்பதி புக்கிட் ரோத்தான் பக்கம் இருக்கிறார்கள். இருவருக்கும் ஷா ஆலாமில் வேலை. அவர்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். “காலையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது” என்று வந்து தங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் குறை எழுதிவிட்டார்கள். ஒரு விற்பனையாளர் 2 லட்சம் பி.டி.யு. கேஸ் ஹீட்டர் ஒன்றுக்கு விலை கொடுத்திருக்கிறார். “மூன்று மணி நேரத்தில் குளம் சூடாகிவிடுமாம், வாங்கலாமா அங்கிள்?” என்று தம்பி என்னிடம் கேட்டார். செம்பனை ஆலையில் பல வருடம் பாய்லர் பார்த்தவன் என்பதால் சூடு சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும்.

அவருடைய அம்மாவும் பக்கத்தில் இருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கால். இப்போது இரண்டு முட்டியிலும் வலி. “வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஆட்டச் சொல்லி டாக்டர் சொன்னார் தம்பி. இவ்வளவு பெரிய குளத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள், எனக்கு இறங்க முடியவில்லை” என்றார். விருந்தாளிகளின் குறையைவிட அக்கா சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

முதலில் ஒன்று செய்யச் சொன்னேன். பத்து இருபது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமானியை வாங்கி மூன்று நாள் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் குளத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். காலையில் 27 டிகிரி, மாலையில் 30 என்று எழுதி அனுப்பினார்கள். போட்டி நீச்சல் குளங்களுக்கு அனைத்துலக விதி வைத்திருக்கும் அளவே 25 முதல் 28 டிகிரிதான். ஆக, “ஐஸ் மாதிரி” என்று பெயர் வாங்கிய தண்ணீர், வேகமாக நீந்துகிறவனுக்குச் சரியான தண்ணீர். விளையாடும் பிள்ளைக்கும் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும்தான் அது குளிர். காற்றைவிட நீருக்குச் சூட்டைக் கடத்தும் திறன் இருபது மடங்குக்கும் மேல். அதனால்தான் 27 டிகிரி காற்றில் வியர்க்கிறது, அதே 27 டிகிரி நீரில் உடம்பு நடுங்குகிறது.

ஒரு தோம்பு, மூன்றரை டிகிரி

இனி கணக்கு. கடினமானது ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். அந்தக் குளத்தில் 38,400 லிட்டர் நீர் இருக்கிறது. 27-லிருந்து 30-க்கு ஏற்ற மூன்று டிகிரி. ஆக 1,15,200 கிலோ கலோரி.

சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால், சாதாரண குள ஹீட்டரில் புகையோடு போவது போக, நீருக்குச் சேருவது ஏறக்குறைய 9,500 கிலோ கலோரி. அப்படியானால் அந்த மூன்று டிகிரிக்கு 12 கிலோ கேஸ் வேண்டும். வீட்டில் இருக்கும் 14 கிலோ தோம்பு முழுவதையும் ஒரே மூச்சில் எரித்தாலும் குளம் மூன்றரை டிகிரிதான் ஏறும். ஒரு குடும்பம் வாரக்கணக்கில் சோறு பொங்கிக் குழம்பு வைக்கும் கேஸ் அது.

“26 ரிங்கிட் 60 சென் தானே அங்கிள்” என்றார் தம்பி. அது கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென் என்று அரசாங்கம் மானியம் கொடுத்து வீட்டுச் சமையலுக்கு விற்கும் விலை. வாடகைக்கு விடும் இடத்தின் குளத்தை அதில் சுடவைக்க நினைப்பது சரியல்ல. 2025 மே மாதம் உள்நாட்டு வாணிப அமைச்சு ‘ஒப்ஸ் காசாக்’ நடவடிக்கையைத் தொடங்கியபோது சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எவ்வளவு பதறினார்கள் என்பது நினைவிருக்கும். மானியம் இல்லாத கேஸ் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த விலையில் போட்டால் ஒரு தடவை மூன்று டிகிரி ஏற்ற ஐம்பது ரிங்கிட் அளவுக்குப் போய்விடும்.

விற்பனையாளர் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. 2 லட்சம் பி.டி.யு. ஹீட்டர் மணிக்கு நான்கு கிலோவுக்கு மேல் கேஸ் குடிக்கும். தோம்புக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாற, தோம்பின் சுவர் வழியாக வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்ச வேண்டும். அடுப்பு கொஞ்சமாக இழுக்கும்போது பிரச்சினை இல்லை. இந்த அளவுக்கு இழுத்தால் தோம்பு வியர்த்து, பிறகு பனி பூத்து, அழுத்தம் இறங்கி, ஹீட்டர் நின்றுவிடும். அதனால் பெரிய 50 கிலோ தோம்புகள் சிலவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். அப்படிக் குழாய் போடுவது கடைப் பையன் வந்து ரெகுலேட்டர் மாட்டுவது போன்ற வேலை அல்ல. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் குத்தகையாளர் செய்ய வேண்டியது. ஹீட்டர் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேஸ் ஹீட்டரை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் வீட்டுக்கே குழாயில் கேஸ் வருகிறது, குளிர்காலத்தில் காற்றும் சில்லென்று இருக்கிறது. அங்கே வேகமாகச் சூடாக்க அதுதான் வசதி. நம் கைக்கு வரும் பட்டியல்கள் அந்த ஊர்களுக்காக அச்சடித்தவை. புக்கிட் ரோத்தானின் காற்று வேறு.

சூடு எங்கே போகிறது?

பாய்லர் அறையில் நாங்கள் முதலில் கற்றது, நீராவிக் குழாய்க்குப் போர்வை சுற்றுவது. ஆலையில் எரிபொருளுக்குக் காசு இல்லை. செம்பனை நாரும் ஓடும் மலை போலக் குவிந்து கிடக்கும். அப்படி இருந்தும் குழாயை வெறுமனே விடமாட்டோம். புதுச் சூடு உண்டாக்குவதைவிட இருக்கும் சூட்டைப் பிடித்து வைப்பது சுலபம்.

திறந்த குளம் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாதலால். அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்கில் வெளிப்புறக் குளத்தின் இழப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்த வழியில்தான் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 580 கிலோ கலோரி அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இந்தக் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் குறைந்தால் அது 160 லிட்டர். குளம் முழுவதும் இரண்டரை டிகிரி இறங்கப் போதுமான சூடு அதில் போய்விடுகிறது. பகலெல்லாம் சூரியன் சும்மா கொடுத்ததை இரவுக் காற்று வாரிக்கொண்டு போய்விடுகிறது. மாலையில் 30, காலையில் 27 என்று அவர்கள் எழுதி அனுப்பிய எண்களில் இருப்பது இந்தக் கதைதான்.

ஆகவே முதல் செலவு போர்வையாக இருக்கட்டும். குமிழி வைத்த பிளாஸ்டிக் போர்வை, குளத்தின் அளவுக்கு வெட்டியது. மாலை ஆறு மணிக்கு மூடி, காலையில் குளிக்கும்போது எடுத்தால் போதும். சூடு காப்பதோடு நீரும் குளோரினும் மிச்சமாகும், செம்பனை மரத்துத் தூசும் சருகும் விழாது. வெயில் காலத்தில் நாள் முழுக்க மூடி வைத்தால் நீர் 32 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது குளோரின் வேகமாகத் தீரும், பாசி பிடிக்கும். பக்கத்தில் குரங்கு உள்ளவர்கள் போர்வையைச் சுருட்டி உள்ளே வைப்பது நல்லது. அவற்றுக்குக் குமிழி உடைப்பதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. போர்வை பாதி மூடியிருக்கும்போது யாரும் நீரில் இறங்கக்கூடாது. அடியில் மாட்டிய குழந்தை மேலே வர வழி தெரியாது. மேலிருந்து பார்க்கிறவருக்குக் குழந்தையும் தெரியாது.

போர்வையும் போதாவிட்டால்

விருந்தாளி பணம் கொடுக்கிறார், மழைக்காலத்திலும் வெதுவெதுப்பு வேண்டும் என்றால் ஹீட் பம்ப் பாருங்கள். ஏர்கோன் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துக் குளத்துக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரம் வாங்கி, நம்முடைய சூடான ஈரக்காற்றில் ஐந்து யூனிட் அளவுக்குச் சூடு கொடுக்கும். குளிர்நாட்டில் திணறும் இயந்திரம் நம் ஊரில் கொண்டாட்டமாக ஓடும்.

நம் குளத்தின் மூன்று டிகிரிக்கு வேண்டிய சூடு மின்சாரக் கணக்கில் 134 யூனிட். ஹீட் பம்ப் வாங்குவது 27 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தாலும் 13 ரிங்கிட் 50 சென். இரவில் போர்வை இருந்து ஒரு டிகிரி மட்டும் இறங்கினால், மறுநாள் அதை ஈடுகட்ட ஐந்து ரிங்கிட்கூட ஆகாது. ஆனால் வேகம் கிடையாது. 12 கிலோவாட் சூடு தரும் இயந்திரம் அந்த மூன்று டிகிரிக்குப் பதினொரு மணி நேரம் எடுக்கும். சனிக்கிழமை விருந்தாளி வருகிறார் என்றால் வெள்ளிக்கிழமை பகலிலேயே ஓட விட வேண்டும். விலையும் கொஞ்சம் கூடுதல். விசிறிச் சத்தம் இருக்கும், படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் உப்புக்காற்றுக்குத் தாங்கும் வெளிப்பெட்டியும், உப்பு முறையில் குளோரின் உண்டாக்கும் குளம் வைத்திருப்பவர்கள் டைட்டானியச் சுருளும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கூரையில் இடம் இருந்தால் கறுப்புக் குழாய்ப் பாய் விரித்து, குளத்துப் பம்பாலேயே நீரை மேலே ஏற்றி இறக்கும் சூரிய முறையும் உண்டு. எரிபொருள் செலவே இல்லை. ஆனால் மழை நாளில் அதை நம்ப முடியாது.

அப்படியென்றால் கேஸ் யாருக்கு?

இங்கேதான் அக்காவின் முட்டிவலிக்கு வருகிறேன். மருத்துவமனைகளில் நீரில் பயிற்சி கொடுக்கும் குளங்கள் பொதுவாக 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். அவர்கள் குளத்தை 33-க்கு ஏற்ற ஒரு தடவைக்கு 24 கிலோ கேஸ் வேண்டும். ஒருவர் அரை மணி நேரம் காலை ஆட்டுவதற்காக 38 டன் நீரைச் சுடவைப்பது எந்த எரிபொருளிலும் கட்டுப்படியாகாது.

லயத்து வீடுகளில் நம் அம்மாக்கள் என்ன செய்தார்கள்? ரப்பர் விறகு மூட்டி, பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் வேண்டிய ஒரு தவலை நீரை மட்டும் சுடவைத்தார்கள். வேண்டிய ஆளுக்கு, வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய அளவு.

அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். 1,500 லிட்டர் பிடிக்கும் ஒரு சிறு தொட்டி, கைப்பிடியும் படியும் உட்காரத் திட்டும் வைத்தது. 27-லிருந்து 35-க்கு ஏற்ற 12,000 கிலோ கலோரி. கேஸ் என்றால் ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். சின்ன கேஸ் ஹீட்டரே அரை மணி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். சின்ன நீர், அவ்வப்போது, உடனே சூடு என்ற இடத்தில்தான் கேஸ் தன் திறமையைக் காட்டும். தினமும் ஒரே நேரத்துக்கு என்றால் அங்கேயும் சிறு ஹீட் பம்ப் மலிவு.

தொட்டி கட்டும் வரைக்கும் செலவில்லாத ஒரு வழியும் சொன்னேன். “அக்கா, காலையில் இறங்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு இறங்குங்கள். சூரியன் 30 டிகிரிக்கு உங்களுக்காகச் சுடவைத்து வைத்திருக்கிறான்.” இன்னும் சூடு வேண்டுமானால் நம் வட சிலாங்கூரிலேயே பத்தாங் காலி பக்கம் உலு தாமுவிலும், கெர்லிங்கிலும் பூமியே சுடவைத்துக் கொடுக்கும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சூடான நீரில் உட்காரக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

தம்பதி இப்போதைக்குப் போர்வை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். சிறு தொட்டிக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஹீட்டரைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. மழைக்காலம் முடியும் வரை காலை வெப்பநிலையை எழுதி வைத்து, பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அது நல்ல யோசனை.

எதை வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்

கேஸ் ஹீட்டரைப் பம்ப் அறைக்குள் வைக்காதீர்கள். திறந்த வெளியில், ஜன்னலுக்கும் ஏர்கோனுக்கும் தள்ளி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு வைக்க வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். குளியலறைக்கு கேஸ் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். தரைக்குக் கீழே கட்டிய பம்ப் அறைக்குப் பக்கத்தில் தோம்பு இருக்கக் கூடாது. வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் தோம்பின் வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

மின்சாரமும் நீரும் சேரும் இடத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் வேலை செய்ய வேண்டும். ஈரமான இடங்களுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 10 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.டி. தனியாக இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் அறுபடாவிட்டால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

நீரின் பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கட்டும். புளிப்பு ஏறினால் ஹீட்டருக்குள் இருக்கும் செம்புக் குழாயை நீரே அரித்துவிடும்.

கடைசியாக, வெதுவெதுப்பான குளத்துக்குப் பிள்ளைகள் அதிக நேரம் வருவார்கள், பெரியவர்கள் பார்க்காத நேரத்திலும் வருவார்கள். ஹீட்டருக்குப் பணம் ஒதுக்கும் முன்பு குளத்தைச் சுற்றி வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹீட்டர் காத்திருக்கட்டும், முதலில் வேலியைப் போடுங்கள்.